ஆனியில் எண்ண வேண்டிய பறவைகள்: தனுஷ்கோடிக் காயலிலிருந்து ஆர்க்டிக் கோடையைப் படித்த நிகழ்வு ஆய்வு

ஒரு தை மாதக் கணக்கெடுப்பில் தனுஷ்கோடிக் காயலின் வளைமூக்கு உள்ளான்கள் குறைந்திருந்தன. எண்ணிய எங்கள் குழுவில் யாருக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. கோதண்டராமர் கோவிலுக்குப் பிரியும் சாலையின் இருபுறமும், முகுந்தராயர் சத்திரத்துக்குக் கிழக்கே விரியும் ஆழமில்லாத நீரிலும் ஆண்டுதோறும் சேற்றைக் குத்திக்கொண்டு நிற்கும் கூட்டம் மெலிந்து கிடந்தது. கருத்து வேறுபாடு அடுத்த கேள்வியில்தான் வந்தது: குறைந்தது எங்கே? இந்தக் கரையிலா, வரும் வழியிலா, 7,000 கிலோமீட்டருக்கு வடக்கே அவை முட்டையிடும் ஆர்க்டிக் நிலத்திலா?

அந்தக் கேள்விக்கு விடை தேடிய விதத்தைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். காரணம் மாறினால் செய்ய வேண்டியதும் மாறும். வடக்கே குஞ்சு பொரிப்பது தோற்றுப்போன ஆண்டில் இங்கே வரும் சுற்றுலா வண்டிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அதைவிட நான் அதிகம் அஞ்சுவது இன்னொன்று. நம் கரையில் நாம் கெடுத்ததை எல்லாம் 'பருவநிலை மாற்றம்' என்று ஒரே வரியில் வடக்கே தள்ளிவிட்டுக் கை கழுவுவது. இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. அது தை மாதத்தில் இல்லை, ஆனி மாதத்தில் இருக்கிறது. கடும் வெயிலில், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மணல் பறக்கும்போது, பறவை பார்க்க அநேகமாக யாரும் வராத அந்த மாதத்தில்.

ஒரே ஓர் ஆண்டின் எண்களை அடுக்கி முடிவு சொல்வது இந்தக் கட்டுரையின் வாதத்துக்கே எதிரானது. ஆகவே எண்ணிக்கைப் பட்டியலை விட்டுவிட்டு, எதை எதோடு ஒப்பிட்டோம், ஏன் ஒப்பிட்டோம் என்பதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

பறவையும் அதன் பிறந்த ஊரும்

வளைமூக்கு உள்ளான் சுமார் 60 கிராம் எடை கொண்ட கரைப்பறவை. கறுத்த அலகு நுனிப்பக்கம் மெல்லக் கீழ்நோக்கி வளையும். பெண்ணின் அலகு ஆணுடையதைவிடச் சற்று நீளம். பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளைத் திட்டு தெரியும். இங்கே இருக்கும் மாதங்களில் மேலே சாம்பல், கீழே வெள்ளை. பங்குனி, சித்திரையில் கிளம்பும் முன் வளர்ந்த பறவைகளின் மார்பும் வயிறும் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். இந்த நிறமாற்றத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஆய்வு முழுவதும் அதன்மேல்தான் நிற்கப்போகிறது.

உலகில் இந்தப் பறவை கூடு கட்டுவது ஏறக்குறைய சைபீரியாவின் ஆர்க்டிக் ஓரத்தில் மட்டுமே. அதன் நடுப்பகுதி தைமிர் தீபகற்பம். அதன் மேற்கு முனையில், காரா கடலின் கரையில், டிக்சன் என்ற சிறு துறைமுகம் இருக்கிறது. அதன் தீர்க்கரேகை கிழக்கே சுமார் 80.5 பாகை. இராமேசுவரத்தினுடையது சுமார் 79.3. பாம்பனிலிருந்து ஒருவர் வடக்கு நோக்கி நேர்கோடு போட்டால், இமயத்தையும் திபெத்தையும் மேற்கு சைபீரியாவையும் கடந்து அந்தக் கோடு டிக்சனை ஒட்டிப் போய்ச் சேரும். அந்தத் துறைமுகத்துக்கு அருகே மெதுசா விரிகுடாவில் டச்சுக்காரர்களும் ரஷ்யர்களும் சேர்ந்து ஒரு கள ஆய்வு நிலையத்தையும் அமைத்தார்கள். இராமநாதபுரம் கரையையும் ஆர்க்டிக்கையும் ஒரே மூச்சில் பேசுவது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். பறவைக்கு அது ஒரே வீட்டின் முற்றமும் கொல்லையும்தான்.

அங்கே ஜூன் மாதத்தில்தான் பனி விலகித் தரை தெரியும். பெண் நான்கு முட்டைகள் இடும். ஆண் அடைகாப்பதும் இல்லை, குஞ்சைப் பார்ப்பதும் இல்லை. ஜூலைத் தொடக்கத்திலேயே தெற்கே கிளம்பிவிடும். ஏறக்குறைய 20 நாள் அடைகாத்துக் குஞ்சுகளை நடத்திச் செல்வது பெண் மட்டுமே. பிறகு அதுவும் கிளம்பிவிடும். அந்த ஆண்டுக் குஞ்சுகள் தாய் தந்தை துணையில்லாமல், வழி காட்ட யாரும் இல்லாமல், கடைசியாகப் புறப்படும். ஆடிக் கடைசியில் நம் கரைக்கு வருபவை வளர்ந்தவை. குஞ்சுகள் வந்து சேரும் மாதம் பெரும்பாலும் புரட்டாசி. முதுகிறகின் ஓரங்களில் வெளிர்ந்த விளிம்பு அடுக்கடுக்காகத் தெரிவதாலும், மார்பில் லேசான பழுப்பு மஞ்சள் பூச்சு இருப்பதாலும் நல்ல தொலைநோக்கியில் அவற்றை அடையாளம் காணலாம். ஐப்பசி தாண்டினால் இந்த அடையாளம் மங்கத் தொடங்கும்.

2024-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்தப் பறவை அழிய வாய்ப்புள்ள இனமாக இறக்கப்பட்டது. அதே ஆண்டில் நம் கரையில் நாம் சாதாரணமாகப் பார்க்கும் சாம்பல் உப்புக்கொத்தியும் அந்த வரிசையில் சேர்ந்தது. இரண்டும் ஆர்க்டிக்கில் பிறப்பவை.

முதலில் கரையை விசாரித்தோம்

வடக்கே பார்ப்பதற்கு முன் காலடியைப் பார்க்க வேண்டும் என்பது குழுவில் மூத்தவர்களின் பிடிவாதம். அது சரியான பிடிவாதம். கரைவலை இழுப்பவர் ஒருவர் தொடக்கத்திலேயே ஒரு காரணம் சொல்லிவிட்டார்: "தண்ணி ஏறிக் கிடக்கு தம்பி. இம்புட்டு ஆழத்துல உள்ளான் எங்கிட்டு நிக்கும்? நாரைதான் நிக்கும்."

அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. வளைமூக்கு உள்ளான் தன் கால் அளவு நீரில்தான் மேயும். காயலில் ஒரு கை நீர் கூடினாலே மேய்ச்சல் நிலம் பறிபோய்விடும். இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்குள்தான். குஜராத்தின் கட்ச் கரையில் போலக் கடல் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்குவது இங்கே கிடையாது. எந்தச் சேறு எப்போது வெளித்தெரியும் என்பதை ஓதத்தோடு சேர்ந்து காற்றும் மழையும் தீர்மானிக்கின்றன. வாடை வீசும் நாட்களில் பாக் விரிகுடாப் பக்கம், உள்ளூரார் பெண்கடல் என்று சொல்லும் பக்கம், தண்ணீர் கரையோரம் தள்ளப்பட்டு ஏறும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் தையில்கூடக் காயல் நிரம்பி நிற்கும். பொய்த்த ஆண்டில் மார்கழியிலேயே உப்புப் பூத்துப்போகும். ஆகவே ஒரே இடத்தில் ஒரே நாளில் எடுத்த கணக்கு, பறவையைவிட அன்றைய நீர்மட்டத்தைத்தான் அதிகம் சொல்லும்.

இதைச் சரிபார்க்க, அடுத்தடுத்த நாட்களில் மற்ற இடங்களையும் பார்த்தோம். தனுஷ்கோடியில் நிற்க இடமில்லாத பறவை வேறெங்கோ நிற்க வேண்டும். மண்டபத்துக்கு எதிரே மனோலித் தீவையொட்டிய சேற்றுத் திட்டுகள், வாலிநோக்கம் உப்பளத்தின் பாத்திகள், பாக் விரிகுடாப் பக்கம் காரங்காட்டு அலையாத்திக் காட்டின் முன்னுள்ள சேறு ஆகியவைதான் இந்த மாவட்டத்தில் அவை ஒதுங்கக்கூடிய இடங்கள். வாலிநோக்கத்தில் சற்றுக் கூடுதலாக இருந்தன. ஆனால் தனுஷ்கோடியில் காணாமல்போன கூட்டத்தை ஈடுகட்டும் அளவுக்கு இல்லை. நீர்மட்டம் ஒரு பங்குக் காரணம், முழுக் காரணம் அல்ல என்ற முடிவுக்கு அதனால் வந்தோம்.

அடுத்தது சாலை. 1964 டிசம்பர்ப் புயலுக்குப் பிறகு அரிச்சல்முனை வரை தார்ச் சாலை இல்லாமல் இருந்தது. 2017-இல் அந்தச் சாலை திறக்கப்பட்டபின் முனைவரை கார்களும் பேருந்துகளும் போகின்றன. படமெடுக்க மணலில் வண்டியை இறக்குபவர்கள், வளர்ந்துவரும் நாய்க் கூட்டம், கூட்டம் பறப்பதைப் பார்ப்பதற்காகவே கல்லெறியும் பிள்ளைகள், இவை எல்லாம் உண்டு. மனிதன் நெருங்கியதும் பறவை எழும்பும் ஒவ்வொரு முறையும் அதற்குத் தீனி நேரமும் போகிறது, சேர்த்த கொழுப்பும் கரைகிறது. பங்குனியில் இது இன்னும் கொடுமை. வடக்கே போக அவை எடையைக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காக்கிக்கொள்ள வேண்டிய மாதம் அது. தமிழ்நாடு அரசு 2025 ஜூனில் தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேரைப் பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது மனத்துக்கு நிறைவான செய்தி. பூநாரையின் பெயரில் காக்கப்படும் சேற்றில் உள்ளானும் மேயும்.

இருந்தும், சாலைதான் காரணம் என்றால் சேற்றில் நிற்கும் எல்லாப் பறவையும் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? இங்கே எங்களுக்கு ஓர் ஒப்பீட்டுப் பறவை கிடைத்தது. மணல் உப்புக்கொத்தி அதே காயலில், அதே சேற்றில், அதே வண்டிகளுக்கு நடுவே குளிர்காலம் கழிக்கிறது. ஆனால் நம் பக்கம் வரும் மணல் உப்புக்கொத்திகள் கூடு கட்டுவது ஆர்க்டிக்கில் இல்லை. இமயத்துக்கு அப்பால் திபெத், நடு ஆசியாவின் உயர்ந்த மேட்டு நிலங்களில். கரை கெட்டிருந்தால் இரண்டும் குறைய வேண்டும். வடக்கே ஏதோ நடந்திருந்தால் ஒன்று மட்டும் குறைய வேண்டும். அந்தத் தையில் மணல் உப்புக்கொத்திகள் வழக்கம்போலவே இருந்தன.

இந்த ஒப்பீட்டில் ஓட்டை இல்லாமல் இல்லை. உப்புக்கொத்தி கண்ணால் பார்த்து ஓடிப் பிடிப்பது. ஈரம் காய்ந்த மேல்மணலே அதற்குப் போதும். உள்ளான் அலகைச் செருகித் துழாவுவது. அதற்கு நீர் ததும்பும் இளகிய சேறு வேண்டும். காயலின் நீர்மட்டம் இரண்டையும் ஒரே மாதிரி பாதிக்காது. என்றாலும் திசை காட்டும் அளவுக்கு இந்த ஒப்பீடு வலுவானது என்று கருதுகிறேன். வேறு கரைகளில் கணக்கெடுப்பவர்களும் ஆர்க்டிக் பறவை ஒன்று, ஆர்க்டிக் அல்லாத பறவை ஒன்று என இணைத்தே பதிவு செய்வது நல்லது.

வடக்கே என்ன நடக்கிறது

1979-க்குப் பிறகான பதிவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வின்படி, ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமாகியிருக்கிறது. இந்த வெப்பம் பறவையை எப்படித் தொடுகிறது என்பதுதான் களத்தில் இறங்கியவர்களுக்கு மட்டும் தெரிந்த கதை. அது 'சூடு கூடினால் பறவை சாகும்' என்பது போல நேரடியானது அல்ல.

முதல் கண்ணி பூச்சிகள். மரமில்லாத ஆர்க்டிக் நிலமான தூந்திராவில் பனி விலகிச் சில வாரங்களில் கொசு வகைப் பூச்சிகள் ஒரே அலையாகக் கிளம்பி அடங்கிவிடும். உள்ளான் குஞ்சு முட்டையிலிருந்து வந்த நாளே தானாக நடந்து தீனி தேடும், தாய் ஊட்டுவதில்லை. குஞ்சு வெளிவரும் நாளும் பூச்சி அலையும் ஒன்று சேர்ந்தால் பிழைக்கும். பனி முன்னதாக உருகினால் பூச்சியும் முந்திக்கொள்ளும். ஆனால் நம் காயலில் நிற்கும் தாய்க்கு அங்கே பனி உருகிய செய்தி எப்படித் தெரியும்? அது பகல்நேரத்தின் நீளத்தைக் கணக்கில் வைத்தே கிளம்புகிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது ரெட் நாட் என்ற பறவையைப் பற்றிய ஆய்வு. நெதர்லாந்தைச் சேர்ந்த யான் வான் கில்ஸும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்டார்கள். அந்தப் பறவையும் தைமிரில்தான் பிறக்கிறது. குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவின் மௌரிட்டானியாக் கரையில் கழிக்கிறது. 33 ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களின்படி தைமிரில் பனி ஆண்டுக்கு அரை நாள் வீதம் முன்னதாக விலகி வந்திருக்கிறது. முன்னதாக உருகிய ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் உடல் சிறுத்து, அலகு குட்டையாக இருந்தன; போலந்துக் கரையில் அவற்றைப் பிடித்து அளந்து பார்த்தார்கள். அந்தச் சிறிய அலகின் விலையை அவை மௌரிட்டானியாவில்தான் கொடுத்தன. அங்கே நல்ல தீனியான சிப்பிகள் சேற்றில் ஆழமாக இருக்கும். குட்டை அலகு எட்டாது. எட்டாதவை கடற்புல்லின் வேர்த்தண்டைத் தின்று காலம் தள்ளின. அவற்றில் பிழைத்தவை குறைவு. பிறந்த இடத்தில் ஏற்பட்ட கேடு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, வெப்பக் கடற்கரையில் சாவாக வெளிப்பட்டது.

இந்த ஒரு ஆய்வு நம்மைப் போன்ற கரைகளில் வேலை செய்பவர்களின் பார்வையையே மாற்ற வேண்டியது. ஆர்க்டிக் மாற்றத்தின் விளைவை ஆர்க்டிக்கில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி இருப்பது மௌரிட்டானியாவில், மனோலியில், தனுஷ்கோடியில்.

இரண்டாவது கண்ணி லெம்மிங். எலியைப் போன்ற இந்தச் சிறு கொறிவிலங்கு ஏறத்தாழ மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பெருகி, பிறகு திடீரெனச் சரியும். பெருகிய ஆண்டில் ஆர்க்டிக் நரி, ஸ்குவா என்ற கடற்பறவை, பனி ஆந்தை எல்லாம் லெம்மிங்கைத் தின்று நிறையக் குட்டி போடும், குஞ்சு பொரிக்கும். அடுத்த ஆண்டு லெம்மிங் இல்லை. பெருகிய நரிகள் மட்டும் பசியோடு இருக்கின்றன. அந்த ஆண்டில் உள்ளானின் முட்டையும் குஞ்சும் அவற்றின் வாய்க்குப் போகும். இப்போது வெப்பம் இந்தச் சுழற்சியில் கை வைக்கிறது. லெம்மிங் குளிர்காலத்தைப் பனிக்கும் தரைக்கும் இடையிலான இடைவெளியில் கழிக்கும். நடுக்குளிர்காலத்தில் பனி உருகி மறுபடி உறைந்தால், அல்லது பனிமேல் மழை பெய்தால், அந்த இடைவெளி பனிக்கட்டியாக இறுகிவிடும். கிழக்குக் கிரீன்லாந்தில் 2000-ஐ ஒட்டி லெம்மிங் சுழற்சி அடங்கிப்போனதையும், அதை நம்பியிருந்த பனி ஆந்தை அங்கே சரிந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக, வெப்பம் என்றால் பனி குறையும் என்ற எளிய எண்ணத்தையும் களம் உடைத்திருக்கிறது. வெப்பக் காற்று அதிக ஈரத்தைச் சுமந்து வருவதால் சில இடங்களில் பனிப்பொழிவு கூடும். வடகிழக்குக் கிரீன்லாந்தின் சாக்கன்பெர்க் நிலையத்தில் 1990-களின் நடுவிலிருந்து தொடர்ந்து கண்காணித்து வருகிறார்கள். 2018-இல் அங்கே கோடை பிறந்தும் பனி விலகவில்லை. செடி, விலங்கு என்று பெரும்பாலானவை அந்த ஆண்டில் இனப்பெருக்கமே செய்யவில்லை. அதற்கு முந்தைய பத்து இருபது ஆண்டுப் பதிவுகள் இல்லாமல் போயிருந்தால் அந்த ஒரு கோடையின் பொருள் யாருக்கும் புரிந்திருக்காது.

ஒரு சர்ச்சையையும் சொல்லியாக வேண்டும். உலகம் முழுவதும் 38,000-க்கும் மேற்பட்ட கரைப்பறவைக் கூடுகளின் பதிவுகளைத் திரட்டி, ஆர்க்டிக்கில் கூடுகள் வேட்டையாடப்படுவது மும்மடங்காகிவிட்டது என்று 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். பழைய ஆய்வுகளில் கூட்டைப் பார்த்த நாட்களைக் குறித்த முறை வேறு, புதியவற்றில் வேறு. அந்த வித்தியாசமே உயர்வாகத் தெரிந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். எனக்கு மறுப்பின் வாதம் வலுவாகப் படுகிறது. அது எங்கள் தைமாதக் கணக்குக்கும் அப்படியே பொருந்தும்: பறவை குறைந்ததா, எண்ணிய விதம் மாறியதா என்று முதலில் கேட்க வேண்டும். அதனால்தான் நீர்மட்டத்தையும் மற்ற இடங்களையும் பார்க்காமல் வடக்கே கை நீட்ட நாங்கள் மறுத்தோம்.

லாங்கெபான் காட்டிய வழி

இனி ஆனிக்கு வருகிறேன். வளைமூக்கு உள்ளானின் குஞ்சு முதல் குளிர்காலம் முடிந்ததும் வடக்கே திரும்பாது. பெரும்பாலானவை தெற்கிலேயே அந்தக் கோடையைக் கழித்துவிடும். முட்டையிடும் வயது வராத பறவை 7,000 கிலோமீட்டர் போய் வருவதில் என்ன பயன்? ஆகவே ஜூன் மாதத்தில் தென்கரைகளில் நிற்கும் வளைமூக்கு உள்ளான்களில் மிகப் பெரும்பாலானவை முந்தைய கோடையில் பிறந்தவை. அவற்றின் எண்ணிக்கை, முந்தைய ஆண்டு தைமிரில் குஞ்சு பொரித்தது எப்படி இருந்தது என்பதன் நேரடி அளவு.

தென்னாப்பிரிக்காவின் லாங்கெபான் காயலில் இதைத்தான் செய்தார்கள். அங்கே ஜூன் குளிர்காலம். அந்த மாதத்தில் எஞ்சி நிற்கும் வளைமூக்கு உள்ளான்களை ஆண்டுதோறும் எண்ணியபோது எண்ணிக்கை ஏறி இறங்கியது. அந்த ஏற்ற இறக்கம் சைபீரியாவின் லெம்மிங் சுழற்சியோடு ஒத்துப்போவதை ஆய்வாளர் லெஸ் அண்டர்ஹில் 1987-இல் எழுதிக் காட்டினார். சைபீரியாவுக்குப் போகாமல், ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நின்றபடியே ஆர்க்டிக்கின் நரிகள் எந்த ஆண்டு பசித்திருந்தன என்று சொல்ல முடிந்தது. கள ஆய்வில் இதைவிட அழகான வேலையை நான் படித்ததில்லை.

நம் கரையிலும் அடித்தளம் இருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் 1980-களின் பிற்பாதியில் மண்டபம் பகுதியின் தீவுகளில் தங்கிக் கரைப்பறவைகளை ஆய்ந்தவர். கோடியக்கரை உள்ளிட்ட கிழக்குக் கரையில் கரைப்பறவைகள் குறைந்து வருவதை 2006-இல் எழுதியவரும் அவரே. கோடையில் இங்கேயே தங்கிவிடும் பறவைகள் மன்னார் வளைகுடாவில் உண்டு என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. மரிக்கொழுந்துப் பாசி எடுக்கத் தீவுப்பக்கம் போய்வந்த ஒரு அம்மா எங்களிடம் சொன்னார்: "அதுக எல்லாம் போகாத குருவிக தம்பி. ஆனி, ஆடியிலயும் மனோலியில நிக்கும். சின்னப் பிள்ளையில இருந்து பாத்திருக்கேன்." தெரியாமல் இருந்தது நாம்தான். 1987 முதல் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில். கல்லூரி முகாம்கள் டிசம்பரில். ஆனியில் முறையாக எண்ண ஆள் இல்லை.

அந்த ஆனியில்

தையில் குறைவைக் கண்ட அதே ஆண்டு ஆனியில் மறுபடி போனோம். விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். அதற்குமேல் கானல் எழுந்து பறவையின் உருவமே ஆடும். கச்சான் மணலை வாரித் தொலைநோக்கி முக்காலியின் மூட்டுகளுக்குள் அடைக்கும். ஆண்கடல் என்று உள்ளூரார் சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளித்துக் கிடந்தது. பாக் விரிகுடாப் பக்கம் அமைதி. நீர் வற்றிச் சேறு நன்றாக வெளித்தெரிந்தது. நீர்மட்டம் ஒரு சாக்காக இருக்க முடியாத நாள்.

பார்க்க வேண்டியது நிறத்தை. இந்த மாதத்தில் செங்கல் நிறம் முழுதாக ஏறிய பறவை இருந்தால் அது வளர்ந்தது. காயம்பட்டோ நோயுற்றோ நின்றுவிட்டது. சாம்பலும் வெள்ளையுமாக, நுனி தேய்ந்து வெளுத்த பழைய இறக்கைகளோடு நிற்பவை போன ஆண்டுக் குஞ்சுகள். இதே காயலில் முந்தைய கோடைகளில் எழுதிய குறிப்புகளோடு ஒப்பிட்டபோது, அந்த ஆனியில் சாம்பல் பறவைகள் தெளிவாகக் குறைவு. சாம்பல் உப்புக்கொத்தியிலும் கோடையில் தங்கியவை குறைவாகவே இருந்தன. அதற்கும் முதல் கோடையில் இங்கே தங்கும் வழக்கம் உண்டு; அதுவும் தைமிர்ப் பக்கத்துப் பறவைதான்.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால்: தையில் நீர்மட்டம் கணக்கை ஓரளவு குறைத்துக் காட்டியது உண்மை. ஆர்க்டிக்கில் பிறக்காத உப்புக்கொத்தி குறையவில்லை. நீர் தடையாக இல்லாத ஆனியில், முந்தைய கோடையில் பிறந்த ஆர்க்டிக் பறவைகள் குறைவு. ஆகவே அந்த ஆண்டுக் குறைவில் பெரும்பங்கு குஞ்சுகள் வராமல்போனதால் என்பது எங்கள் முடிவு. குஞ்சுகள் வராமல்போனது முட்டை நரிக்குப் போனதாலா, பூச்சி அலை தவறியதாலா, வரும் வழியில் மடிந்ததாலா என்பதை இந்தக் கரையில் நின்று பிரிக்க முடியாது. அதற்கு அங்கே எழுதப்படும் குறிப்பு வேண்டும். ரஷ்ய ஆய்வாளர்கள் மிகயீல் சலவியோவும் பாவெல் தோம்கோவிச்சும் ஆர்க்டிக் முழுவதிலுமிருந்து ஒவ்வொரு கோடையின் வானிலை, கொறிவிலங்கு, நரி நிலவரத்தைத் திரட்டும் பணியைத் தொடங்கினார்கள். நம் ஆனிக் கணக்கு நிற்க வேண்டிய பக்கம் அதன் பக்கம்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓர் ஆண்டு குஞ்சு இல்லாமல்போவது இந்தப் பறவைக்குப் புதிதல்ல. லெம்மிங் சரியும் ஆண்டுகளை அது எப்போதும் கடந்து வந்திருக்கிறது. கடக்க முடிந்ததற்குக் காரணம், வளர்ந்த பறவைகள் பல ஆண்டு வாழ்ந்து நல்ல கோடைக்காகக் காத்திருந்தது. அவை காத்திருக்கும் இடம் நம் காயல். வடக்கே மோசமான கோடைகள் கூடக் கூட, இங்கே வளர்ந்த பறவை ஒன்றை இழப்பதன் விலையும் கூடுகிறது. எனவே 'காரணம் ஆர்க்டிக்' என்ற எங்கள் முடிவு, மணலில் வண்டியை இறக்குபவருக்கு விடுதலைச் சீட்டு ஆகாது. அந்த முடிவுதான் அவரைத் தடுக்க வலுவான காரணம்.

இனிச் செய்ய வேண்டியது

இந்தியாவுக்கு ஆர்க்டிக்கில் 2008 முதல் ஒரு நிலையம் இருக்கிறது: நார்வேயின் ஸ்வால்பார்டில் நி-ஆலசுண்டில் உள்ள ஹிமாத்ரி. அங்குள்ள கோங்ஸ் பியோர்ட் என்ற குறுகிய கடல் நுழைவில் 2014-இல் இந்திய ஆய்வாளர்கள் கடலடிக் கருவித் தொகுதியை இறக்கினார்கள். 2022-இல் ஆர்க்டிக் கொள்கையும் வெளியானது. பனியாறு, கடல்நீர், வளிமண்டலம், நம் பருவமழையோடு அவற்றுக்குள்ள தொடர்பு ஆகியவற்றில் நல்ல வேலை நடக்கிறது. காரா கடலின் கோடைப் பனிக்கட்டி குறைவதற்கும் பருவமழைக் கடைசியில் நடு இந்தியாவில் கொட்டும் பெருமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கோவாவின் தேசியத் துருவ ஆய்வு மைய ஆய்வாளர்கள் 2021-இல் எழுதினார்கள். அதே காரா கடலின் கரையில் பிறக்கும் பறவைகள் ஆண்டுதோறும் இராமநாதபுரத்துக்கு வருகின்றன. கப்பலும் விமானமும் இல்லாமல் நம் வாசலுக்கே வரும் ஆர்க்டிக் மாதிரிகள் அவை. துருவ ஆய்வுக்கான நிதியில் ஒரு சிறு பங்கு இந்தக் கரைக்கும் வர வேண்டும் என்று கேட்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மண்டபம், உச்சிப்புளி, தொண்டிப் பக்கத்துப் பள்ளி கல்லூரிகளின் இயற்கை மன்றங்களால் இதைச் செய்ய முடியும். தீவுகளுக்கு வனத்துறை அனுமதி தேவை. சாலையோரக் காயலைக் கரையில் நின்றே எண்ணலாம். புரட்டாசியில் இறகு விளிம்பைப் பார்த்து, கூட்டத்தில் குஞ்சு எத்தனை, வளர்ந்தது எத்தனை என்று பிரித்து எழுத வேண்டும். தையில் வழக்கமான கணக்கு. அதோடு கால் அளவு நீர் எவ்வளவு பரப்பில் இருந்தது, காற்று வாடையா கொண்டலா, அந்த நேரத்தில் கூட்டம் எத்தனை முறை எழுப்பப்பட்டது என்ற மூன்றையும் சேர்க்க வேண்டும். ஆனியில் நிறத்தைப் பார்த்துச் சாம்பலையும் செங்கல் நிறத்தையும் தனித்தனியே. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் மணல் உப்புக்கொத்தி.

கணக்கெடுப்புத் தாளில் ஆனி மாதத்துக்கென ஒரு பத்தியை நாங்கள் சேர்த்துவிட்டோம். பாசி எடுக்கும் அந்த அம்மாவும் கரைவலைக்காரரும், ஆடியில் செங்கல் நிறத்தோடு முதல் உள்ளான் இறங்கும் நாளைக் குறித்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாள் ஆண்டுக்காண்டு முந்துகிறதா என்பது தைமிரின் பனியைப் பற்றிய அடுத்த கேள்வி.